முனியாண்டிக் காசும் நான் சொன்ன சுத்தமும்

பணி அனுபவங்களை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு வயது முப்பத்தொன்று. வரும் வெள்ளிக்கிழமையோடு மவுண்ட் வெல்லிங்டன் ஏலக் கம்பெனியின் நாணய மேசையை விட்டுவிட்டு வேறு ஊரில் ஓர் அருங்காட்சியகத்தில் சேரப் போகிறேன் என்பதைத் தவிர, இதை எழுத எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆனால் அந்த மேசைக்கு வரப்போகும் நீங்கள் இருவரும் தமிழ் பேசுகிறவர்கள். ஒருவர் யாழ்ப்பாணம், ஒருவர் கோயம்புத்தூர். நான் சொல்லப்போகும் தவறு தமிழ் பேசுகிறவனால் மட்டுமே செய்ய முடிந்த தவறு. அதனால் உங்களிடம் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

எடை போடுவது, விட்டம் அளப்பது, ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்குவது எல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். அவற்றைப் பற்றி எழுதப் போவதில்லை. இது சரோஜா ஆன்ட்டியின் காசைப் பற்றியது.

சரோஜா ஆன்ட்டி இந்த ஊரில் மாசி என்ற புறநகரில் இருக்கிறார். மலேசியாவில், பேராக் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர். ஈப்போவில் இருபது வருடம் நர்ஸாக வேலை பார்த்தவர். இங்கே வந்தபிறகு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர் வேலை. நர்ஸுக்குத் தெரிந்ததெல்லாம் தெரியும், ஆனால் ஊசி போட அனுமதி கிடையாது. இங்கே நர்ஸாகப் பதிவு பெறுவதற்கு ஒரு பயிற்சி வகுப்பு இருக்கிறது. ஐம்பத்திரண்டாம் வயதில் ஆங்கிலத் தேர்வை மூன்றாவது முறையாக எழுதித் தேறி, அந்த வகுப்பில் ஓர் இடத்தையும் வாங்கியிருந்தார். மாதக் கடைசிக்குள் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இடம் போய்விடும். அடுத்த வகுப்புக்குள் ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணும் காலாவதியாகிவிடும். நான்காவது முறை அந்தத் தேர்வை எழுதத் தன்னிடம் தெம்பில்லை என்று என்னிடம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் காசைக் கொண்டுவந்தார். மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து, அதற்குள் கன்னங்கரேலென்று ஒரு வெள்ளிக்காசு. நம் ஊர் ஒரு ரூபாய் அளவுதான் இருக்கும். ஓரத்தில் ஓரிடம் எலி கடித்த மாதிரி உடைந்திருந்தது. ஒரு பக்கம் எழுத்துகள். மறுபக்கம் தாடி வைத்த ஒரு காட்டு மனிதன், இடுப்பில் இலைகளைச் சுற்றிக்கொண்டு, வேரோடு பிடுங்கிய மரம் ஒன்றைக் கையில் பிடித்து நிற்கிறான்.

“இவர் எங்க வீட்டு முனியாண்டி” என்றார்.

நான் சிரிக்கவில்லை. சிரிக்கத் தோன்றவில்லை. அந்த எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் அவருடைய பாட்டன் காலத்திலிருந்து அந்தக் காசை ஒரு கல்லின்மேல் சந்தனத்தால் ஒட்டிவைத்து முனியாண்டியாகக் கும்பிட்டு வந்திருக்கிறார்கள். தாடி, மீசை, கையில் மரம், காட்டில் நிற்கிறார். வேறு யாராக இருக்க முடியும்?

அவர் பிரன்ஸ்விக் என்ற ஜெர்மன் சிற்றரசின் காட்டு மனிதர். பதினேழாம் நூற்றாண்டில் அங்கே மலைச் சுரங்கங்களில் வெட்டிய வெள்ளியில் அடித்த குரோஷன் என்னும் சில்லறைக் காசு. பெரிய காசுகள் சந்தைக்கு அடிக்கடி வரும். இத்தனை சிறியது, இத்தனை தெளிவாக, நானூறு வருடத்துக் கரும்படலம் கலையாமல் வருவது அபூர்வம். ஜெர்மனியிலிருந்து எஸ்டேட்டுக்கு எப்படிப் போனது என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தவரை தெரியாது என்றே பட்டியலில் எழுதினேன். தெரியாததைத் தெரியாது என்று எழுதத் தயங்காதீர்கள். வாங்குகிறவர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

முனியாண்டியை விற்க மனசு வருகிறதா என்று ஒரு தடவை கேட்டேன். “காவல் தெய்வம்தானே தம்பி. என்னைப் படிக்க வைக்கட்டும், அதுவும் காவல்தான்லா” என்றார், மலேசியப் பேச்சின் அந்த ‘லா’வோடு.

படம் எடுத்தோம். பட்டியல் அச்சாகி வெளிநாடுகளுக்கெல்லாம் போயிற்று. அதன்பிறகு ஆன்ட்டி ஒரு கோரிக்கை வைத்தார். கடைசியாக ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில் வைத்துக் கும்பிட்டுவிட்டுக் கொண்டுவந்து தருகிறேன் என்றார். பட்டியலில் ஏறிய பொருளை வெளியே அனுப்புவது எங்கள் வழக்கமில்லை. நான் மேலாளரிடம் பேசி, அனுமதி வாங்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன். அதுதான் என் முதல் தவறு என்று அலுவலகத்தில் சிலர் இன்றும் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதே நிலைமை வந்தால் மறுபடியும் கொடுப்பேன்.

என் தவறு தொலைபேசியில் நடந்தது.

அது குடும்பத்துச் சொத்து. ஆன்ட்டிக்கு ஈப்போவில் ஓர் அக்கா இருக்கிறார். விற்பதில் அக்காவுக்குச் சம்மதம் என்று ஒரு கடிதம் வேண்டும். அதைக் கேட்கத்தான் அழைத்தேன். ஆனால் கடிதம் என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை. சொன்னது இது: “ஆன்ட்டி, செவ்வாக்கிழமை கொண்டு வரும்போது எல்லாம் சுத்தமா இருக்கணும். அது ரொம்ப முக்கியம்.”

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கைநாட்டுதான். அவர் இரண்டு சென்ட் மனை வாங்கியபோது பத்திரம் எழுதுபவரிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரே கேள்வி, “எல்லாம் சுத்தமா இருக்குங்களா?” வில்லங்கம் இல்லை, பங்காளி தகராறு இல்லை, நாளைக்கு ஒருத்தன் வந்து நிற்கமாட்டான் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். ஆங்கிலத்தில் எத்தனை படித்தாலும் தமிழில் பத்திர விஷயம் பேசும்போது என் வாயில் அப்பாவின் சொல்தான் வருகிறது. அது என் ஊரில் செல்லும். எல்லா இடத்திலும் செல்லும் என்று நினைத்துக்கொண்டேன்.

“கண்டிப்பா தம்பி. அத நீ சொல்லணுமா” என்றார் ஆன்ட்டி.

செவ்வாய்க்கிழமை காலை வந்தார். ஈரத் தலையில் துண்டு. கையில் மஞ்சள் பட்டுத்துணி.

“தம்பி பசியாறியாச்சா? நான் இன்னும் இல்ல. மூணு நாளா கவுச்சி தொடல. தலைக்கு ஊத்திட்டு நேரா வரேன்” என்றபடி பட்டுத்துணியைப் பிரித்தார்.

காசு புது எவர்சில்வர் கரண்டி மாதிரி பளபளத்தது.

“எலுமிச்சம்பழம் கொஞ்சம், அப்புறம் விபூதி. மூலை முடுக்குக்குப் பழைய பல் பிரஷ். ஒரு மணி நேரம் ஆச்சுலா. பாரு எப்படிச் சிரிக்கிறாருன்னு.”

வெள்ளி விளக்கை விபூதி போட்டுத் துலக்காத வீடு நம்மில் எது? ஆனால் எங்கள் தொழிலில் சுத்தம் செய்த காசு என்றால் காயம்பட்ட காசு. அந்தக் கரும்படலம் போனால் போனதுதான். விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்தேன். காட்டு மனிதனின் மார்பு முழுக்க மயிரிழை மாதிரிக் கோடுகள். சனிக்கிழமை ஏலம். பட்டியலில் இருப்பதோ வேறு ஒரு காசின் படம் போல ஆகிவிட்டது.

என் முகத்தைப் பார்த்த ஆன்ட்டி, நான் பக்தியில் உருகுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். “நல்லா இருக்கா?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கு ஆன்ட்டி” என்றேன்.

தொலைபேசியில் செய்த தவறு அறியாமல் செய்தது. இது அறிந்தே சொன்ன பொய். அவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டார். அக்காவின் கடிதம் வரவில்லை என்பது அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

தபால்தலைப் பிரிவில் அப்போது கண்ணன் அண்ணை இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். எதையும் பாதி பகிடியாக, விளையாட்டாகத்தான் சொல்வார். காசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தம்பி, ஒரு முட்டையை அவிச்சுத் துண்டாக்கி, காசோட ஒரு பெட்டிக்குள்ள மூடி வை. ரெண்டு நாளில பழையபடி கறுத்திடும். சனிக்கிழமை ஒருத்தனுக்கும் விளங்காது” என்றார். பிறகு, “நான் சொன்னனெண்டு சொல்லிப்போடாத” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அது உண்மை. முட்டையில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். மோசடிக்காரர்கள் செய்வது. இந்த வித்தையை நீங்களும் ஒருநாள் கேள்விப்படுவீர்கள், அதனால்தான் மறைக்காமல் எழுதுகிறேன். பகல் சாப்பாட்டு நேரத்தில் எதிரே இருந்த டெய்ரியில், அதாவது இங்கத்திய தெருமுனை மளிகைக் கடையில், அரை டஜன் முட்டை வாங்கினேன். அலுவலகச் சமையலறையில் ஒன்றை அவித்தேன். வெந்து முடிகிற அந்தப் பத்து நிமிடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் மிக நேர்த்தியாக இருந்தன. ஒரு ஏழைப் பெண்ணின் படிப்பு. கோடுகள் அத்தனை ஆழமில்லை. வாங்கப்போகிறவர் பணக்காரர். யாருக்கும் நஷ்டமில்லை.

ஒரு காரியத்துக்கு இத்தனை காரணங்கள் தேவைப்படுகின்றனவே என்றுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. சரியான காரியம் எதையும் நான் இப்படி நான்கு காரணம் அடுக்கிக்கொண்டு செய்ததில்லை. முட்டையை உரித்தேன். உப்பு தொட்டுச் சாப்பிட்டேன்.

கண்ணன் அண்ணை எட்டிப் பார்த்தார். “என்ன, முனியாண்டிக்கு வைச்ச முட்டையை நீயே திண்டிட்டியோ?”

மேலாளரிடம் சொல்லலாம் என்று மாடிப்படி ஏறினேன். பாதியில் நின்றேன். காசு ஆன்ட்டியுடையது. அதற்கு என்ன ஆயிற்று என்று உலகத்தில் முதலில் தெரிய வேண்டியவர் அவர். அவருக்குத் தெரியாமல் இரண்டு பேர் மாடியில் உட்கார்ந்து முடிவெடுத்தால், பிறகு அவரிடம் போய்ச் சொல்வது அறிவிப்பாக இருக்குமே தவிர உண்மையைச் சொல்வதாக இருக்காது. படியிலேயே உட்கார்ந்து அழைத்தேன். ஆன்ட்டி இடைவேளையில் இருந்தார். பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது.

காசைத் துலக்கியது தப்பாகிவிட்டது, விலை குறையும், ஏலத்திலிருந்தே எடுத்துவிடவும் கூடும் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

“நீதானே தம்பி சுத்தமா இருக்கணும்னு சொன்ன” என்றார். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“ஆமா ஆன்ட்டி. நான் சொன்னது பத்திரம் சுத்தமா இருக்கணும்னு. உங்க அக்காவோட சம்மதக் கடிதம். சொல்லத் தெரியாம சொல்லிட்டேன். தப்பு என்னோடது.”

“குளிச்சு சுத்தமா வந்தேன். காசைச் சுத்தமாக்கிக் கொண்டாந்தேன். நீ கேட்டது மூணாவது சுத்தமாலா?” ஒரு பெருமூச்சு. “சரி, என் சீட்டு போச்சா? அத மட்டும் சொல்லு.”

தெரியவில்லை என்றேன். சனிக்கிழமைக்குள் என்னால் ஆனதையெல்லாம் செய்கிறேன், மாலைக்குள் அழைத்து நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். நம்பிக்கை கொடுக்கிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடாதீர்கள். காலையில் சொன்ன “நல்லா இருக்கு” எனக்கு அன்று முழுவதும் வாயில் கசந்தது.

மேலாளர் உருப்பெருக்கியில் காசை வெகுநேரம் பார்த்தார். யார் துலக்கச் சொன்னது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான்தான் என்றேன். ஒரு தமிழ்ச் சொல்லுக்கு இருக்கும் மூன்று அர்த்தங்களையும் ஆங்கிலத்தில் விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அவர் கத்தவில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் எடுக்கக்கூடிய முடிவைத்தான் எடுத்தார். இந்தக் காசை ஏலத்திலிருந்து எடுத்துவிட்டு, புதுப் படத்தோடு மூன்று மாதம் கழித்து வரும் ஏலத்தில் வைக்கலாம் என்றார். கம்பெனிக்கு அது பத்திரமான வழி. ஆன்ட்டிக்கு அது முழு இழப்பு. அதைச் சொன்னேன். பயிற்சி, மாதக் கடைசி, மதிப்பெண் எல்லாவற்றையும் சொன்னேன்.

வருந்துவதாகவும், ஆனால் பழைய படத்தைப் பார்த்து ஏற்கெனவே விலை எழுதி அனுப்பியவர்கள் இருக்கிறார்களே, அவர்களை ஏமாற்ற முடியாதே என்றும் சொன்னார். அதுவும் நியாயம்தான். அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. அவர்கள் மொத்தம் ஐந்து பேர். ஐந்து பேரையும் நானே அழைத்து நடந்ததை அப்படியே சொல்கிறேன், புதுப் படம் அனுப்புகிறேன், ஒவ்வொருவரும் விலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும், மாற்றட்டும், வைக்கட்டும் என்றேன். ஏலத்தன்று பட்டியல் குறிப்பையும் மாற்றிச் சபையில் வாசிக்க வேண்டும் என்றேன்.

அப்படி வாசித்தால் தவறு கம்பெனியுடையது என்று ஊருக்கே தெரியும் என்றார் மேலாளர். தெரியத்தான் வேண்டும் என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. என் விசா அந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் புதுப் படம் எடுக்கச் சொன்னார். சொன்னபடி அன்று மாலையே ஆன்ட்டியை அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

இரண்டு பேர் விலையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் திட்டினார். இரண்டு பேர் விலையைக் குறைத்தார்கள். அதில் ஒருவர் டனீடின் நகரில் இருக்கும் ஒரு பெண்மணி. திருநீறு எதிலிருந்து வருகிறது, அந்த எஸ்டேட் எங்கே, முனியாண்டியை எந்தக் கிழமை கும்பிடுவார்கள் என்றெல்லாம் அரைமணி நேரம் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன்.

வியாழக்கிழமை ஈப்போவிலிருந்து அக்காவின் கடிதம் கைப்பேசியில் வந்தது. மனப்பூர்வமான சம்மதம், கையெழுத்து, தேதி. கூடவே, கேட்காமலே ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படமும் வந்தது. தங்கை கொடுக்கிற காசு இதுதான் என்று தெரிய வேண்டுமே என்று அனுப்பியிருந்தாராம். எஸ்டேட் வீட்டுப் பலகையில் ஒரு கல். கல்லில் சந்தனம். சந்தனத்தில் காசு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில், எலி கடித்த மாதிரி, அதே உடைவு. அந்தக் காசு எங்கே எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல பத்திரத்தை எந்தக் கம்பெனியாலும் தயாரிக்க முடியாது. கடிதம் என்று புரியும்படி கேட்டிருந்தால் முதல் வாரமே இது என் கையில் இருந்திருக்கும்.

சனிக்கிழமை ஆன்ட்டி வேலைச் சீருடையிலேயே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எங்கள் முறை வந்ததும் ஏலம் விடுபவர் நான் எழுதிக் கொடுத்த குறிப்பை வாசித்தார். பட்டியலில் உள்ள படத்துக்குப் பிறகு காசு துலக்கப்பட்டது, எங்கள் அலுவலகம் தெளிவில்லாமல் சொன்னதால் அப்படி நேர்ந்தது, துலக்கியது எலுமிச்சையாலும் திருநீற்றாலும், மூன்று தலைமுறை ஒரு தமிழ்க் குடும்பம் இவரை முனியேண்டி என்று வழிபட்டது என்று வாசித்தார்.

“முனியாண்டி” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஏலம் விடுபவர் நிமிர்ந்து பார்த்தார்.

“மு-னி-யாண்-டி” என்றார் ஆன்ட்டி, நோயாளிக்கு மருந்தின் பெயர் சொல்கிற நிதானத்தோடு. முழு அறையும் திரும்பிப் பார்த்தது. ஏலம் விடுபவர் சரியாக உச்சரிக்கும்வரை ஆன்ட்டி விடவில்லை. பிறகுதான் ஏலம் ஆரம்பித்தது.

பட்டியலில் நாங்கள் போட்டிருந்த குறைந்தபட்ச மதிப்பைக்கூட விலை எட்டவில்லை. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் டனீடின் பெண்மணி தொலைபேசியில் விடாமல் ஏறிக்கொண்டே வந்து, பயிற்சிக் கட்டணத்தைத் தாண்டித்தான் நின்றார். சில மாதங்கள் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டு படிக்கலாம் என்று ஆன்ட்டி எண்ணியிருந்தார். அதற்குக் காசு மிஞ்சவில்லை. வார இறுதி ஷிப்ட் முழுவதும் பார்த்துக்கொண்டே படித்தார். அந்தப் பாரம் என் ஒரு சொல்லால் வந்தது. உண்மையைச் சொன்னதால் இடம் தப்பியது, ஆனால் செய்த தவறு செய்யாததாக ஆகிவிடவில்லை. இரண்டையும் சேர்த்தே உங்களிடம் சொல்கிறேன்.

பணத்துக்கான தாளில் கையெழுத்துப் போட வந்த அன்று ஆன்ட்டி ஒரு சேதி சொன்னார். “வாங்கின அம்மாகிட்ட சொல்லு தம்பி. படையல் ஒண்ணும் வேணாம். தரையில மட்டும் வைக்க வேணாம்.”

“முனியாண்டிக்குச் சுருட்டு வைப்பாங்களே ஆன்ட்டி, அவங்க கேட்டா?”

“நான் நர்ஸுலா. எங்க வீட்ல அவர் சுருட்டை விட்டு வருஷம் பத்தாச்சு.”

இதையெல்லாம் ஒரு வாடிக்கையாளருக்கு அலுவலக மின்னஞ்சலில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதினேன், சுருட்டு உட்பட. பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. உடனே ஆன்ட்டியை அழைத்தேன். வெஸ்ட்கேட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறேன், முதல் நாள் வகுப்பு, சீக்கிரம் சொல்லு என்றார். படித்துக் காட்டினேன். வாசிப்பறையில், ஜன்னலுக்குப் பக்கத்தில், தன் கண் உயரத்துக்கு ஒரு பலகை அடித்து அதில் வைத்திருப்பதாகவும், இனி ஒருபோதும் துலக்கப் போவதில்லை என்றும் அந்தப் பெண்மணி எழுதியிருந்தார்.

“கண் உயரத்துக்கா?”

“ஆமா ஆன்ட்டி.”

“அவங்க நெட்டையா குட்டையான்னு கேட்டியா?”

கேட்கவில்லை என்றேன். கேட்டு வை என்றார். அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று நான் காத்திருந்தபோது, பஸ் பிரேக் போடும் சத்தம் கேட்டது.

“பஸ் வந்திருச்சு தம்பி. வைக்கிறேன்.”